சும்மா வைத்திருந்தால் ஹேங்க் ஆகும் எடிட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தட்டச்சு செய்து கொண்டிருக்கும்போது எல்லாம் சரி. ஒரு டீ குடித்துவிட்டு வந்து விசையைத் தொட்டால் எடிட்டர் (நோட்பேட்++, விம் போன்ற உரை எழுதும் மென்பொருள்) அசையாது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து டிடிபி கடைகளிலும், வீட்டிலிருந்து நிரல் எழுதுகிறவர்களிடமும் இந்தப் புகார் அடிக்கடி வருகிறது. அதற்கான பதில்கள் இங்கே. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம்; கம்ப்யூட்டரில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

இப்பவே ஹேங்க் ஆகி நிக்கு. இன்னும் சேவ் பண்ணல. என்ன செய்ய?

முதலில் கையை எடுங்கள். 'எண்ட் டாஸ்க்' வேண்டாம், பவர் பட்டனும் வேண்டாம். மூன்று நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருங்கள். சும்மா இருக்கும்போது வரும் ஹேங்கில் பெரும்பாலானவை இந்த நேரத்துக்குள் தானாகவே விடும். எத்தனையாவது விநாடியில் விட்டது என்பதைக் குறித்து வையுங்கள், பிறகு ரொம்ப உதவும்.

காத்திருக்கும் நேரத்தில் எடிட்டர் தானாக எடுத்து வைத்திருக்கும் நகலை வேறு இடத்துக்குக் காப்பி செய்துவிடுங்கள். நோட்பேட்++ என்றால் %ஆப்டேட்டா%\நோட்பேட்++\பேக்கப் என்ற ஃபோல்டர். விஎஸ் கோட் என்றால் %ஆப்டேட்டா%\கோட்\பேக்கப்ஸ். விம்மில், அமைப்பு எதையும் மாற்றாதிருந்தால், கோப்பு இருக்கும் அதே ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கி '.எஸ்டபிள்யூபி' என்று முடியும் ஸ்வாப் கோப்பு. ஈமாக்ஸில் பெயரின் முன்னும் பின்னும் # குறி போட்ட கோப்பு.

கடைசியில் மூடியே ஆகவேண்டும் என்றால் லினக்ஸில் முதலில் சாதாரண 'கில்' மட்டும் கொடுங்கள், 'கில் -9' வேண்டாம். சாதாரண கில் வந்தால் விம் ஸ்வாப் கோப்பைப் பத்திரப்படுத்தும், ஈமாக்ஸ் ஆட்டோசேவ் எழுதிவிட்டுச் சாகும். -9 கொடுத்தால் அந்த அவகாசம் கிடைக்காது. மறுபடி திறக்கும்போது விம்மில் 'விம் -ஆர் கோப்புப்பெயர்', ஈமாக்ஸில் 'ரெக்கவர்-ஃபைல்'.

ஹேங்க் என்றால் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. மூன்று வகை உண்டு, பிரிக்க ஒரு நிமிடம் போதும்.

கர்சர் மின்னிக்கொண்டே இருக்கிறது, மவுஸால் மெனு திறக்கிறது, ஆனால் எழுத்து மட்டும் விழவில்லை: எடிட்டர் நன்றாக இருக்கிறது, கோளாறு விசைப்பலகை வரும் வழியில். கர்சர் மின்னவில்லை, மெனு திறக்கவில்லை, ஆனால் பக்கத்து விண்டோக்கள் ஓடுகின்றன: எடிட்டர்தான் நிற்கிறது. மவுஸ் அம்பு உட்பட எல்லாமே நின்றுவிட்டது: எடிட்டரை விட்டுவிட்டு டிஸ்க்கையும் ராமையும் டிஸ்ப்ளே டிரைவரையும் பாருங்கள்.

விண்டோஸ் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று காட்டுவதன் பொருள், அந்த நிரல் 5 விநாடியாகத் தன் விண்டோவுக்கு வந்த செய்திகளை எடுத்துப் பார்க்கவில்லை என்பது மட்டுமே. செத்துவிட்டது என்று பொருள் இல்லை. திரையை வரைவதும் விசையை வாங்குவதும் ஒரே இழையில் (நிரலுக்குள் தனித்து ஓடும் வேலை வரிசை, 'த்ரெட்') ஓடுவதால், அந்த இழை வேறு எதற்காவது காத்து நின்றால் எல்லாம் நின்ற மாதிரி தெரியும்.

அடுத்து எதைப் பார்ப்பது?

சிபியு. விண்டோஸில் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எஸ்கேப், லினக்ஸில் 'டாப்'. எடிட்டரின் வரியில் சிபியு பூஜ்யமா, ஏறி நிற்கிறதா?

இங்கே ஒரு ஏமாற்று உண்டு. டாஸ்க் மேனேஜர் எல்லாக் கோர்களையும் சேர்த்து 100 என்று கணக்கிடும். நான்கு கோர் உள்ள மெஷினில் ஒரு இழை முழு வேகத்தில் சுற்றினாலும் 25 சதவீதம்தான் காட்டும்; எட்டு என்றால் 12 அல்லது 13. 'சிபியு 25 தானே, லோடு இல்லை' என்று விட்டுவிடக் கூடாது. 25-இல் அசையாமல் நின்றால் ஒரு கோரை எடிட்டர் தின்றுகொண்டிருக்கிறது. லினக்ஸின் டாப் அப்படியே விட்டால் ஒரு கோரை 100 என்று காட்டும்.

சிபியு ஏறி நின்றால் எடிட்டருக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது: ப்ளக்இன் (எடிட்டரோடு சேர்க்கும் துணை நிரல்), வண்ணமிடுதல், நீளமான வரி. பூஜ்யத்தில் நின்றால் வெளியே எதற்கோ காத்திருக்கிறது: டிஸ்க், நெட்வொர்க், வேறொரு நிரல். சும்மா இருக்கும்போது வரும் ஹேங்கில் பூஜ்ய வகையே அதிகம். எடிட்டரை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வது இந்த வகைக்கு ஒருநாளும் மருந்தாகாது.

சும்மாதானே இருக்கு, அப்ப என்ன வேலை செய்யும்?

எடிட்டர் சும்மா இருப்பதே இல்லை. நீங்கள் கை எடுத்த பிறகு செய்யலாம் என்று ஒதுக்கி வைத்த வேலைகள் அதற்கு இருக்கின்றன.

விம்மில் கை எடுத்து 4 விநாடி ஆனதும் ('அப்டேட்டைம்' 4000 மில்லிவிநாடி) ஸ்வாப் கோப்பை டிஸ்க்கில் எழுதும். அதே நேரத்தில் 'கர்சர்ஹோல்ட்' நிகழ்வும் எழும்; பல ப்ளக்இன்கள் அதில் தொங்கிக்கொண்டிருக்கும். ஈமாக்ஸ் 30 விநாடி சும்மா இருந்தால் ஆட்டோசேவ் எழுதும், பெரிய கோப்பானால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போடும். கோப்பு வெளியே மாறியதா என்று பார்க்கும் 'ஆட்டோ-ரிவர்ட்' இயங்கினால் 5 விநாடிக்கு ஒருமுறை. நோட்பேட்++ 7 விநாடிக்கு ஒருமுறை பேக்கப். விஎஸ் கோடில் ஆட்டோசேவை 'ஆஃப்டர் டிலே' என்று வைத்தால் 1 விநாடி; கிட் (நிரலின் பதிப்புகளைக் காக்கும் கருவி) ஆட்டோஃபெட்ச் போட்டிருந்தால் 180 விநாடிக்கு ஒருமுறை நெட்வொர்க்குக்குப் போகும்.

ஆகவே, கை எடுத்து எவ்வளவு நேரத்தில் ஹேங்க் தொடங்குகிறது என்பதே பாதி விடை. ஒவ்வொரு முறையும் நாலாவது விநாடி என்றால் விம்மில் 'செட் அப்டேட்டைம்=20000' என்று மாற்றிப் பாருங்கள். ஹேங்க் இருபதாவது விநாடிக்கு நகர்ந்தால் ஆள் அகப்பட்டார். அதன் பிறகு 'ஆட்டோகமாண்ட் கர்சர்ஹோல்ட்' என்று கேட்டால் எந்த ப்ளக்இன்கள் அங்கே தொங்குகின்றன என்று பட்டியல் வரும்.

இதற்கு நேர்மாறாக ஒன்று: கை எடுத்தபோது அல்ல, திரும்பி வந்து எடிட்டரைச் சொடுக்கியபோது நிற்கிறதா? நோட்பேட்++ விண்டோவுக்கு மறுபடி வரும்போது திறந்திருக்கும் கோப்புகள் வெளியே மாறியிருக்கின்றனவா என்று பார்க்கும். முப்பது டேப் திறந்திருந்து, அதில் இரண்டு, நேற்றே பிடுங்கிய பென்டிரைவிலோ அணைத்துப் போட்ட கம்ப்யூட்டரின் ஷேரிலோ (நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டர்) இருந்தால் அங்கேயே நிற்கும். அந்த டேப்களை மூடினால் தீர்ந்தது.

எத்தனை விநாடி நிற்கிறது என்பதில் அப்படி என்ன இருக்கிறது?

காத்திருப்பு எல்லாமே யாரோ ஒருவர் வைத்த எண்ணில்தான் முடியும். கைக்கடிகாரம் போதும்.

5 விநாடி அல்லது அதன் மடங்கு: பெயர் தேடும் டிஎன்எஸ். லினக்ஸில் ஒரு டிஎன்எஸ் சர்வர் பதில் தராவிட்டால் 5 விநாடி காத்துவிட்டு அடுத்ததைக் கேட்கும்.

21 விநாடி வாக்கில்: விண்டோஸில் எட்டாத ஒரு கம்ப்யூட்டருக்கு டிசிபி இணைப்பு கேட்டது. 3, 6, 12 என்று இரட்டித்துக் காத்துக் கைவிடும் கணக்கு அது. லினக்ஸில் இதே இணைப்பு இரண்டு நிமிடமும் சில விநாடியும் இழுக்கும்.

25 விநாடி: லினக்ஸ் டெஸ்க்டாப்பில் டிபஸ், அதாவது நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வழி. எடிட்டர் கேட்ட ஏதோ ஒரு சேவை (கடவுச்சொல் பெட்டகம், கோப்பு உரையாடல், ஆக்ஸசிபிலிட்டி) பதில் சொல்லவில்லை.

30 விநாடி: லினக்ஸில் டிஸ்க்குக்குக் கொடுத்த ஒரு கட்டளை திரும்பி வரவில்லை. இந்த எண் வந்தால் மற்றதை விட்டுவிட்டுப் பேக்கப் எடுங்கள்.

ஐந்து முதல் பத்து விநாடி, கூடவே ஒரு 'வ்வ்ர்' சத்தம்: தூங்கிப்போன ஹார்ட் டிஸ்க் மறுபடி சுற்றத் தொடங்குகிறது. விண்டோஸின் 'பேலன்ஸ்டு' திட்டத்தில் 20 நிமிடம் தொடாவிட்டால் ஹார்ட் டிஸ்க்கை நிறுத்தும், பேட்டரியில் 10 நிமிடம். பவர் ஆப்ஷன்ஸில் 'நெவர்' என்று போடுங்கள். வெளியே மாட்டும் யுஎஸ்பி டிஸ்க்குகள் சில, விண்டோஸ் சொல்லாமலேயே தாமாகத் தூங்கும். வேலைக் கோப்பை அதில் வைத்து எடிட் செய்யாமல் இருப்பதே வழி.

விடவே இல்லை, மணிக்கணக்காக நிற்கிறது: லினக்ஸில் என்எஃப்எஸ் (வேறு கம்ப்யூட்டரின் கோப்புகளை நெட்வொர்க் வழி தரும் முறை) ஷேராக இருக்கலாம். 'ஹார்ட்' மவுன்ட் என்பதே அதன் இயல்பு. சர்வர் திரும்பும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும். 'டிமெசேஜ்' கட்டளை கொடுத்துப் பார்த்தால் சர்வர் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறேன் என்ற வரி இருக்கும்.

கரண்ட் போனதும் லேப்டாப்பில் எடிட்டர் நின்றுவிடுகிறது. பேட்டரி இருக்கிறதே?

பேட்டரி லேப்டாப்புக்கு இருக்கிறது. கோப்பு எங்கே இருக்கிறது?

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் மதியத்துக்கு மேல் இடி விழுந்தால் கரண்ட் போவது புதிதல்ல. ஒரு கடையை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு பழைய டெஸ்க்டாப், அதில் கல்யாண அழைப்பிதழ்க் கோப்புகள் எல்லாம் ஷேர் செய்யப்பட்டு 'இசட்' டிரைவாக உள்ளறை லேப்டாப்பில் தெரிகின்றன. கரண்ட் போகிறது. டெஸ்க்டாப்பின் யுபிஎஸ் சில நிமிடம் தாங்கும். ரவுட்டருக்கு யுபிஎஸ்ஸே கிடையாது, அது அந்த நொடியே போய்விட்டது. லேப்டாப்பில் கர்சர் மின்னிக்கொண்டிருக்கிறது. ஏழாவது விநாடியில் நோட்பேட்++ பேக்கப் எழுதுகிறது. அது லேப்டாப்பின் சொந்த டிஸ்க் என்பதால் தடையில்லை. நீங்கள் ஃபோனைப் பார்த்துவிட்டு எடிட்டருக்குத் திரும்புகிறீர்கள். அந்தச் சொடுக்கில் அது இசட் டிரைவிலுள்ள கோப்பின் தேதியைக் கேட்கிறது. பதில் சொல்ல ஆள் இல்லை. விண்டோ வெளுத்துப்போகிறது.

இதற்கு மலிவான மருந்து ரவுட்டருக்கும் ஸ்விட்சுக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று. வாங்கும்முன் ரவுட்டரின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பாருங்கள். 9 வோல்ட் ரவுட்டரும் உண்டு. இரண்டாவது, கோப்பை உள்ளே காப்பி செய்து எடிட் செய்துவிட்டு முடிந்ததும் ஷேரில் போடும் பழக்கம். பழக்கம் என்றதும் யாரும் கேட்பதில்லை, அதனால் யுபிஎஸ்ஸை முதலில் சொன்னோம்.

கரண்ட் இருக்கும்போதும் இதே தொல்லையா? விண்டோஸில் ஷேர் கொடுக்கும் கம்ப்யூட்டர், 15 நிமிடம் யாரும் தொடாத இணைப்பைத் தானாகத் துண்டிக்கும். அடுத்த சேவ் அதனால்தான் ஒருகணம் தயங்கும். ஷேர் கொடுக்கும் கம்ப்யூட்டரில் அட்மின் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'நெட் கான்ஃபிக் சர்வர் /ஆட்டோடிஸ்கனெக்ட்:-1' என்று கொடுத்தால் துண்டிக்காது.

குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் நெட்வொர்க் கேபிளின் பிளக்கை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் அந்த எட்டுச் செம்புக் கம்பிகளும் பச்சை பூக்கும். இணைப்பு விட்டுவிட்டு வரும். இணையம் பார்க்கும்போது தெரியாது, ஷேரில் கோப்பு திறந்திருந்தால் தெரியும். பிளக்கை வெட்டிப் புதிது போடச் சொல்லுங்கள். துடைத்து மாட்டினால் கொஞ்ச நாளில் திரும்ப வரும்.

திருவனந்தபுரத்து ஆபீஸ் சர்வரில் எஸ்எஸ்எச் வழி விம். பத்து நிமிடம் விட்டால் செத்துவிடுகிறது. விம் கோளாறா?

எஸ்எஸ்எச் என்பது தொலைவிலுள்ள கம்ப்யூட்டரில் டெர்மினல் வழி வேலை செய்யும் இணைப்பு. விம் அங்கே சுகமாக இருக்கிறது. இடையிலுள்ள கதவுதான் மூடிவிட்டது.

உங்கள் ரவுட்டரும், மொபைல் டேட்டா என்றால் கம்பெனியின் பெரிய ரவுட்டரும், போய்வரும் இணைப்புகளை ஒரு அட்டவணையில் குறித்து வைத்திருக்கும். கொஞ்ச நேரம் எதுவும் போகவில்லை என்றால் அந்த வரியை அழித்துவிடும், இரண்டு பக்கத்துக்கும் சொல்லாது. லினக்ஸ் தானாகச் செய்யும் டிசிபி உயிர்ச்சோதனை 7200 விநாடி, அதாவது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறைதான். அதற்குள் அட்டவணை வரி எப்போதோ போயிருக்கும். நீங்கள் அடிக்கும் விசை வெற்றிடத்தில் விழுகிறது.

உறுதி செய்ய: என்டர் அடித்து, டில்டே (~), புள்ளி. உடனே எஸ்எஸ்எச் துண்டித்துக்கொண்டு உங்கள் பிராம்ப்ட் வந்தால் எடிட்டர் காரணமே இல்லை, ஏனென்றால் அந்த மூன்று விசையும் உங்கள் பக்கத்து எஸ்எஸ்எச் நிரலுக்கானவை. தீர்வு, வீட்டிலுள்ள எஸ்எஸ்எச் கான்ஃபிக் கோப்பில் 'சர்வர்அலைவ்இன்டர்வல் 60' என்று ஒரு வரி. நிமிடத்துக்கு ஒருமுறை சின்னப் பொட்டலம் போகும், கதவு திறந்தே இருக்கும். கூடவே அங்கே 'டிமக்ஸ்'க்குள் (லைன் போனாலும் டெர்மினலை உயிரோடு வைத்திருக்கும் நிரல்) விம்மை ஓடவிடுங்கள். லைன் அறுந்தாலும் 'டிமக்ஸ் அட்டாச்' கொடுத்து விட்ட இடத்திலேயே உட்காரலாம்.

ஒவ்வொரு முறையும் நிற்பதற்கு முன் எத்தனை நிமிடம் விட்டீர்கள் என்று பாருங்கள். எப்போதும் ஒரே நிமிடம் என்றால் இதுதான். நேரம் தாறுமாறாக இருந்தால் வைஃபையைச் சந்தேகியுங்கள்.

டெர்மினலில் திடீரென ஒன்றும் அசையவில்லை, ஆனால் சும்மாகூட இல்லை, சேவ்தான் செய்தேன்.

கன்ட்ரோல்-எஸ் அடித்திருப்பீர்கள். டெர்மினலில் அது 'திரையை நிறுத்து'. கன்ட்ரோல்-க்யூ அடியுங்கள், அடித்தது எல்லாம் ஒரேயடியாகக் கொட்டும். பாஷ் அமைப்புக் கோப்பில் 'எஸ்டிடிஒய் -இக்ஸான்' என்று போட்டால் இனி வராது. விண்டோஸின் பழைய கறுப்பு கன்சோலில் தெரியாமல் உள்ளே சொடுக்கினாலும் இப்படி நிற்கும், எஸ்கேப் போதும்.

லினக்ஸில் எதற்குக் காத்திருக்கிறது என்று நேரே பார்க்க முடியுமா?

முடியும், இதுதான் இருப்பதிலேயே நல்ல வழி. ஹேங்க் ஆகி நிற்கும்போதே வேறு டெர்மினலில் 'பிஎஸ் ஏயுஎக்ஸ்' கொடுத்து 'ஸ்டாட்' பத்தியில் உள்ள எழுத்தைப் பாருங்கள். 'ஆர்' என்றால் ஓடிக்கொண்டிருக்கிறது. 'எஸ்' என்றால் சாதாரணக் காத்திருப்பு. மற்ற இரண்டும் தமிழில் 'டி'தான், குழம்ப வேண்டாம்: டெல்லியின் 'டி' என்றால் கெர்னலுக்குள் (ஓஎஸ்ஸின் உட்கரு) டிஸ்க்குக்கோ ஷேருக்கோ காத்து நிற்கிறது, பெரும்பாலும் -9 கூட வேலைசெய்யாது. ட்ரிவாண்ட்ரத்தின் 'டி' என்றால் யாரோ கன்ட்ரோல்-இசட் அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். எடிட்டர் இருந்த அதே டெர்மினலில் 'எஃப்ஜி' கொடுத்தால் வந்துவிடும்.

அடுத்து 'சூடோ எஸ்ட்ரேஸ் -எஃப் -டிடி -டி -பி', பிறகு எடிட்டரின் செயல்முறை எண் (பிஎஸ் காட்டும் 'பிஐடி'). எடிட்டர் கெர்னலிடம் கேட்பதை எல்லாம் எஸ்ட்ரேஸ் வரிவரியாகக் காட்டும். (இங்கும் அதே குழப்பம்: -டிடி சின்ன எழுத்து, அடுத்த -டி பெரிய எழுத்து, இரண்டும் ட்ரிவாண்ட்ரம்.) உபுண்டுவில் சூடோ இல்லாமல் அனுமதிக்காது. கடைசி வரி அடைப்புக்குறி மூடாமல் நிற்கும். அந்த வரிதான் விடை.

'போல்' அல்லது 'ஈபோல்' என்று நின்றால் அது வழக்கமான ஓய்வு, உங்கள் விசைக்காகக் காத்திருக்கிறது. அப்படியானால் கோளாறு விசை வரும் வழியில். 'கனெக்ட்' என்றால் நெட்வொர்க், பக்கத்திலேயே முகவரியும் இருக்கும். 'எஃப்சிங்க்' என்றால் டிஸ்க்கில் உண்மையிலேயே எழுதி முடிக்கக் காத்திருக்கிறது. 'ஸ்டாட்' அல்லது 'ஓபன்அட்' என்றால் அதில் உள்ள கோப்பின் பாதையைப் படியுங்கள். '/மன்ட்' (வெளி டிரைவும் ஷேரும் வழக்கமாக இணையும் இடம்) என்று தொடங்கினால் சிரித்துக்கொள்ளலாம். 'ஃப்யூடெக்ஸ்' என்றால் வேறு இழை ஒரு பூட்டை வைத்திருக்கிறது. அப்போது 'ஜிடிபி' என்ற பிழைதேடும் நிரல் கொண்டு எல்லா இழைகளின் பேக்ட்ரேஸும் (எந்த ஃபங்ஷனில் நிற்கிறது என்ற பட்டியல்) எடுத்து, பூட்டை வைத்திருப்பவரைத் தேட வேண்டும்.

ஹேங்க் எப்போது வரும் என்று தெரியாதபோது, '-ஓ' போட்டு ஒரு கோப்பில் எழுதவிட்டு வேலையைப் பாருங்கள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் அது எடுத்த நேரம் விநாடியில் இருக்கும். பிறகு பெரிய எண்ணை மட்டும் தேடினால் போதும். எஸ்ட்ரேஸ் ஓடும்போது எடிட்டர் மந்தமாகும், அதைக் கோளாறாக எண்ண வேண்டாம்.

ஈமாக்ஸுக்குத் தனிச் சலுகை உண்டு. முன்கூட்டியே 'டாகிள்-டிபக்-ஆன்-க்விட்' போட்டு வைத்தால், நிற்கும்போது கன்ட்ரோல்-ஜி அடித்ததும் எந்த ஃபங்ஷனில் இருந்தது என்று காட்டிவிடும். கன்ட்ரோல்-ஜி எடுபடாவிட்டால் வெளியிலிருந்து 'கில் -யூஎஸ்ஆர்2'. 'லிஸ்ட்-டைமர்ஸ்' கொடுத்தால் சும்மா இருக்கும்போது ஓடும் வேலைகள் அனைத்தும் வரிசையாக வரும்.

விண்டோஸில்?

டாஸ்க் மேனேஜரில் 'டீடெய்ல்ஸ்' பக்கம், எடிட்டர் மீது வலச்சொடுக்கு, 'அனலைஸ் வெயிட் செயின்'. நெட்வொர்க் ஐஓ முடியக் காத்திருக்கிறது என்றோ, இன்ன நிரலுக்குக் காத்திருக்கிறது என்றோ பல நேரம் அங்கேயே எழுதியிருக்கும்.

போதாவிட்டால் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பிராசஸ் மானிட்டர். ஃபில்டரில் எடிட்டரின் பெயரைக் கொடுங்கள், இல்லாவிட்டால் நிமிடத்துக்கு லட்சக்கணக்கில் வரி குவியும். 'செலக்ட் காலம்ஸ்' சென்று 'டியூரேஷன்' பத்தியைச் சேருங்கள். முதலில் அது காட்டப்படுவதில்லை. ஹேங்க் விட்ட பிறகு பதிவை நிறுத்தி, 1 விநாடிக்கு மேல் எடுத்த வரிகளைப் பாருங்கள். 'பேட் நெட்வொர்க் பாத்' என்ற முடிவுடன் நீங்கள் மறந்தே போன பழைய கம்ப்யூட்டரின் பெயர் வந்து நிற்பது வழக்கம்.

நேற்று நடந்ததைத் தேட ஈவன்ட் வியூவர். அப்ளிகேஷன் பக்கத்தில் 1002 என்றால் ஹேங்க் பதிவு, நேரம் துல்லியமாக இருக்கும். அதே நேரத்தில் சிஸ்டம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: 129 என்றால் டிஸ்க்கை ரீசெட் செய்தது, 153 என்றால் ஐஓவைத் திரும்ப முயன்றது, 7 என்றால் டிஸ்க்கில் கெட்ட இடம், 4101 என்றால் டிஸ்ப்ளே டிரைவர் நின்று மீண்டது.

129 இருக்கிறது. டிஸ்க் போய்விட்டதா?

அவசரப்பட வேண்டாம். எஸ்எஸ்டி போட்ட மெஷின்களில், சும்மா இருக்கும்போது சாட்டா இணைப்பைத் தூங்க வைக்கும் மின்சிக்கனம் சில டிஸ்க்குகளுக்கு ஒத்துவராது. எழுப்பும்போது பதில் வராமல் ரீசெட் ஆகும். சும்மா இருந்தால் மட்டும் ஹேங்க், வேலை செய்தால் இல்லை என்ற புகாருக்கு இது அச்சு அசலாகப் பொருந்தும். பவர் திட்டத்தில் அந்த 'லிங்க் பவர் மேனேஜ்மென்ட்'டை 'ஆக்டிவ்' என்று மாற்றுங்கள். சில மெஷின்களில் அந்த வரி மறைந்திருக்கும்.

அதோடு ஸ்மார்ட் எண்களை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் கணக்கு) படியுங்கள். 5, 197 இரண்டும் பூஜ்யத்திலிருந்து ஏறினால் டிஸ்க்கை மாற்றுங்கள். 199 மட்டும் ஏறினால் டிஸ்க் நல்லது, சாட்டா கேபிள் மோசம். கடலோரத்தில் 199 ஏறினால் ஆச்சரியமில்லை. முதலில் கேபிளை மாற்றிவிட்டு ஒரு வாரம் எண்ணைப் பாருங்கள். 199 இறங்காது, ஏறாமல் நின்றால் போதும்.

கர்சர் மின்னுது, தமிழ் மட்டும் விழல. ஆங்கிலமும் சில நேரம் விழாது.

எடிட்டரை விட்டுவிடுங்கள், தட்டச்சு மென்பொருளைப் பாருங்கள். இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர், அழகி போன்றவை விசை எடிட்டருக்குப் போகும் முன் நடுவில் வாங்கி, தமிழாக்கிக் கொடுக்கின்றன. அந்த நடுவர் நின்றால் விசை வராது. மற்ற நிரல்களிலும் தட்டிப் பாருங்கள், அங்கும் விழாவிட்டால் உறுதி. இரண்டு தமிழ் மென்பொருள் ஒரே நேரத்தில் டாஸ்க்பாரில் உட்கார்ந்திருந்தால் ஒன்றை வெளியேற்றுங்கள். தமிழ்99-க்கு ஒன்று, பாமினிக்கு ஒன்று என்று வைத்திருக்கும் கடைகளில் இது சகஜம்.

லினக்ஸில் தமிழ் உள்ளீட்டுக்கு ஐபஸ் என்றால் 'ஐபஸ் ரீஸ்டார்ட்'. உடனே விழத் தொடங்கினால் அதுதான். ஐபஸ் உயிரோடிருந்தும் ஒரு எடிட்டரில் மட்டும் விழவில்லை என்றால், அந்த எடிட்டரை மட்டும் 'ஜிடிகே_ஐஎம்_மாட்யூல்' மாறியை 'ஐபஸ்' என்று கொடுத்துத் திறந்து பாருங்கள்.

சிபியு ஏறித்தான் நிற்கிறது. அப்போது?

முதலில் ப்ளக்இன் இல்லாமல் திறங்கள். விம் என்றால் 'விம் --கிளீன்', ஈமாக்ஸ் என்றால் 'ஈமாக்ஸ் -க்யூ' (பெரிய எழுத்து), நோட்பேட்++ என்றால் '-நோப்ளக்இன்', விஎஸ் கோட் என்றால் '--டிஸேபிள்-எக்ஸ்டென்ஷன்ஸ்'. வழக்கமாக ஹேங்க் வரும் நேரத்தைப் போல் இரண்டு மடங்கு ஓடவிடுங்கள். வராவிட்டால் ஏதோ ஒரு ப்ளக்இன். விஎஸ் கோடில் 'எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்' பாதி பாதியாக அணைத்துக் கேட்டுக்கொண்டே போகும். முப்பது எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் ஐந்தாறு சுற்றில் ஆளைக் காட்டும். மற்ற எடிட்டர்களில் அதையே கையால் செய்யுங்கள். ஒவ்வொன்றாக அணைப்பதைவிடப் பாதி பாதியாகப் பிரிப்பது எத்தனையோ மேல்.

விஎஸ் கோடில் எக்ஸ்டென்ஷன்கள் தனிச் செயல்முறையில் ஓடுவதால், எழுத்து விழும், ஆனால் சேவ் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும் என்றால் அங்கேதான் கோளாறு. 'பிராசஸ் எக்ஸ்ப்ளோரர்' ஹெல்ப் மெனுவிலேயே இருக்கிறது. லினக்ஸில் ஆயிரக்கணக்கான கோப்புள்ள ஃபோல்டரைத் திறந்திருந்தால், கோப்புகளைக் கண்காணிக்கும் ஐநோட்டிஃபை வரம்பு பழைய கெர்னல்களில் 8192தான்; விஎஸ் கோட் ஆவணமே 524288 ஆக்கச் சொல்கிறது. அதைவிட, 'நோட்_மாட்யூல்ஸ்' போன்றவற்றைக் கண்காணிப்பிலிருந்து விலக்குவது நல்லது.

ப்ளக்இன் இல்லாமலும் வந்தால் கோப்பைப் பாருங்கள். தமிழ் எழுத்து, மெய்யும் உயிர்க்குறியும் சேர்த்து வடிவமைக்கப்பட வேண்டும். 'கொ' என்றால் குறி எழுத்தின் இரு பக்கமும் போகும். ஒரு வரியின் நீளம் நியாயமாக இருந்தால் இது பாரமே இல்லை. பேஜ்மேக்கரிலிருந்தோ பிடிஎஃபிலிருந்தோ எடுத்து, வரி முறிவே இல்லாமல் நாலு லட்சம் எழுத்து ஒரே வரியாக வந்த கோப்பு என்றால், கர்சர் மின்னும்போதெல்லாம் அந்த முழு வரியையும் மறுபடி அளக்கும் எடிட்டர்கள் உண்டு. கோப்பை 'பிளெயின் டெக்ஸ்ட்' என்று மாற்றி வண்ணமிடுதலை நிறுத்திப் பாருங்கள். தேறாவிட்டால் முற்றுப்புள்ளிக்குப் பின் வரி முறித்துக்கொள்ளுங்கள். மார்த்தாண்டம் பக்கம் தமிழும் மலையாளமும் கலந்த அழைப்பிதழ்க் கோப்புகளில் இரண்டு எழுத்துருவுக்கும் மாறிமாறித் தாவும் வேலை கூடுதலாகச் சேரும்.

ஆன்டிவைரஸ்?

சந்தேகிக்கலாம், முதல் ஆளாக அல்ல. விண்டோஸ் டிஃபெண்டரின் தானியங்கி ஸ்கேனும் தானியங்கிப் பராமரிப்பும் நீங்கள் சும்மா இருக்கும் நேரம் பார்த்துத்தான் தொடங்கும். 4 ஜிபி ராமும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ள மெஷினில், அந்த நேரத்தில் எடிட்டரின் நினைவகம் டிஸ்க்குக்குத் தள்ளப்பட்டிருக்கும். திரும்பி வந்து தொட்டதும் இழுத்து வர நேரமாகும். ரிசோர்ஸ் மானிட்டரில் 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' ஏறுவது தெரியும். எஸ்எஸ்டியும் இன்னொரு 4 ஜிபியும் போட்டால் போகும். ஆன்டிவைரஸை முழுக்க அணைத்து வைப்பது வைத்தியமல்ல. எடிட்டரின் பேக்கப் ஃபோல்டரை மட்டும் விலக்குப் பட்டியலில் போட்டு வித்தியாசம் தெரிகிறதா என்று பாருங்கள்.

காரணம் எடிட்டரேதான் என்று தெரிந்தால் அதன் ஆசிரியர்களுக்கு என்ன அனுப்புவது?

எடிட்டர் பதிப்பு, ஓஎஸ் பதிப்பு, ப்ளக்இன் இல்லாமலும் வருகிறதா, கை எடுத்து எத்தனையாவது விநாடியில் தொடங்கி எத்தனை விநாடி நிற்கிறது, சிபியு எவ்வளவு. இவற்றோடு நிற்கும் நேரத்தில் எடுத்த பேக்ட்ரேஸ். 10 விநாடி இடைவெளியில் மூன்று முறை எடுத்தால், மூன்றிலும் ஒரே இடம் என்றால் காத்திருப்பு, இடம் மாறினால் சுழல் என்று அவர்களே புரிந்துகொள்வார்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் 'கிரியேட் மெமரி டம்ப் ஃபைல்' அதற்கு உதவும். ஆனால் டம்ப் கோப்பை அப்படியே பொதுவில் போட வேண்டாம். அந்த நேரம் எடிட்டரில் திறந்திருந்த கோப்பெல்லாம் எழுத்து மாறாமல் அதில் இருக்கும், யாருடைய கல்யாண அழைப்பிதழோ, எங்கோ குறித்து வைத்த கடவுச்சொல்லோ. பேக்ட்ரேஸ் எழுத்தை மட்டும் ஒட்டுங்கள். டம்ப் வேண்டும் என்று அவர்கள் கேட்டால் தனியாக அனுப்பலாம்.